சர்வரை நிறுத்தாமல் கார்டு மாற்றுவது எப்படி: டெல்டா மாவட்டச் சர்வர் அறைகளுக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

கும்பகோணத்தில் உள்ள ஒரு நடுத்தர மருத்துவமனையின் சர்வர் அறையை எடுத்துக்கொள்வோம். நோயாளிப் பதிவு, ஆய்வக முடிவுகள், மருந்தகக் கணக்கு ஆகிய மூன்றும் ஒரே லினக்ஸ் சர்வரில் ஓடுகின்றன. அதில் பொருத்தியுள்ள இரண்டு நெட்வொர்க் கார்டுகளில் ஒன்று சில நாட்களாக இணைப்பை விட்டுவிட்டுப் பிடிக்கிறது. மாற்றுக் கார்டு சென்னையிலிருந்து பார்சலில் வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் காலையில் புறநோயாளிகள் வரத் தொடங்கினால் இரவு வரை சர்வரை நிறுத்த வழியில்லை. இரவிலும் அவசர சிகிச்சைப் பிரிவு ஓய்வதில்லை. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பழைய கார்டைக் கழற்றிப் புதியதைச் செருகலாமா, செருகினால் இயங்குதளம் அதை ஏற்றுக்கொள்ளுமா என்ற கேள்வி அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் முன் வந்து நிற்கிறது.

சில சர்வர்களில் தாராளமாகச் செய்யலாம். பல சர்வர்களில் செய்யவே கூடாது. ஹாட் பிளக் எனப்படும் இந்த வசதிக்கு கார்டு செருகும் இடமான ஸ்லாட்டின் மின்சுற்று, சர்வரைத் தொடங்கிவைக்கும் மென்பொருளான பயாஸ், இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல், அந்தக் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் ஆகிய நான்கும் ஒத்துழைக்க வேண்டும். நான்கில் ஒன்று ஒத்துவராவிட்டாலும் சர்வர் உறைந்துபோகலாம், ஸ்டோரேஜ் கார்டாக இருந்தால் தரவே கெட்டுப்போகலாம். ஆகவே கையை உள்ளே விடுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகளுக்கே இங்கு அதிக இடம் தந்திருக்கிறேன். கழற்றி மாட்டும் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

உங்கள் ஸ்லாட் எத்தகையது என்று முதலில் பாருங்கள்

கணினியில் கார்டுகளை இணைக்கும் முறையான பிசிஐயின் ஸ்லாட்டுகளுக்கு ஹாட் பிளக் விவரக்குறிப்பு 1997ஆம் ஆண்டு வெளிவந்தது. அந்தக் காலத்தில் காம்பாக், ஐபிஎம் போன்ற நிறுவனங்கள் தத்தம் கட்டுப்பாட்டுச் சில்லுகளை வைத்தன. அதனால் 2001ஆம் ஆண்டளவில் லினக்ஸ் கர்னலில் இந்த வசதி சேர்ந்தபோது ஒவ்வொரு நிறுவனத்தின் சில்லுக்கும் தனித்தனி டிரைவர் எழுத வேண்டியிருந்தது. பின்னர் வந்த பிசிஐ எக்ஸ்பிரஸ், வன்பொருளின் நிலையையும் கட்டளையையும் வைத்திருக்கும் சிறு சேமிப்பிடங்களான ஹாட் பிளக் பதிவேடுகளைத் தன் அடிப்படை விவரக்குறிப்பிலேயே வைத்துக்கொண்டதால், இன்று லினக்ஸில் பிசிஐஇஹெச்பி என்ற ஒரே டிரைவர் பெரும்பாலான சர்வர்களுக்குப் போதுமானதாக இருக்கிறது. ஆனால் அந்த வசதியை ஸ்லாட்டில் வைப்பதும் வைக்காததும் தயாரிப்பாளரின் விருப்பம். நம் பகுதியில் பரவலாகக் காணும் சாதாரண ரேக் சர்வர்களின் பின்பக்க ஸ்லாட்டுகளில் பெரும்பாலும் அது இருக்காது. அதே சர்வரின் முன்பக்கத்தில் என்விஎம்இ எனப்படும் வேகமான டிஸ்க்குகள் செருகும் பகுதியில் இருக்கக்கூடும். அந்த டிஸ்க்குகளும் பிசிஐ எக்ஸ்பிரஸ் சாதனங்களே என்பதால், இந்தக் கட்டுரையில் சொல்வது பெரும்பாலும் அவற்றுக்கும் பொருந்தும்.

தெரிந்துகொள்ள மூன்று வழிகள் உண்டு. முதலாவது, அந்த மாடலின் சேவைக் கையேடு. இரண்டாவது, கண்ணால் பார்ப்பது: ஹாட் பிளக் ஸ்லாட்டின் அருகே பெரும்பாலும் ஒரு பச்சை விளக்கும் ஒரு மஞ்சள் விளக்கும், சிறு பொத்தானும், கார்டைப் பிடித்துக்கொள்ளும் லாட்ச்சும் இருக்கும். மூன்றாவது வழியே உறுதியானது. ரூட் உரிமையுடன் எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளையை விரிவான வெளியீட்டு விருப்பத்துடன் ஓட்டிப் பாருங்கள். புதியவர்கள் பலர் இங்கே கார்டின் விவரத்தைத் தேடி ஏமாறுகிறார்கள். பார்க்க வேண்டியது கார்டு எந்தப் போர்ட்டின் (ஸ்லாட்டுக்கு மேலே உள்ள இணைப்புமுனையின்) கீழ் இருக்கிறதோ அந்தப் போர்ட்டின் விவரத்தை. எந்தக் கார்டு எந்தப் போர்ட்டின் கீழ் உள்ளது என்பதை அதே கட்டளையின் மர வடிவ வெளியீடு காட்டும். போர்ட்டின் விவரத்தில் ஸ்லாட்டின் திறன்களைச் சொல்லும் வரியில் ஹாட் பிளக், பவர் கண்ட்ரோலர், அட்டென்ஷன் பட்டன், விளக்குகள், சர்ப்ரைஸ் (சொல்லாமல் எடுப்பதைத் தாங்கும் வசதி) ஆகியவற்றின் சுருக்கப் பெயர்கள் வரிசையாக இருக்கும். பெயருக்குப் பின்னால் கூட்டல் குறி இருந்தால் அந்த வசதி உண்டு, கழித்தல் குறி இருந்தால் இல்லை.

ஹாட் பிளக்குக்குப் பின்னால் கழித்தல் குறி இருந்தால் இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி அந்த ஸ்லாட்டுக்குப் பொருந்தாது. நிர்வாகத்திடம் பேசி, சர்வரை முறைப்படி நிறுத்தி, மின்கம்பிகளை எடுத்துவிட்டு மாற்றுங்கள். மற்றொரு அலுவலகத்தில் எவரோ ஓடும்போதே பிடுங்கினார், ஒன்றும் ஆகவில்லை என்று சொல்வதைக் கேட்டு இறங்கக் கூடாது. மின்கட்டுப்பாடு இல்லாத ஸ்லாட்டில் 12 வோல்ட் தடம் எந்நேரமும் உயிரோடு இருக்கும். கார்டு சற்றுச் சாய்ந்தாலே பக்கத்துத் தொடுமுனைகள் உரசி, கார்டோடு மதர்போர்டும் போகலாம்.

பயாஸும் இயங்குதளமும் பேசி முடித்திருக்கின்றனவா

ஸ்லாட்டில் வசதி இருந்தும் இயங்குதளத்தில் அது தெரியாமல் போவதுண்டு. சர்வர் தொடங்கும்போது, ஹாட் பிளக் கட்டுப்பாட்டைத் தனக்குத் தரும்படி இயங்குதளம் பயாஸிடம் கேட்கும். பயாஸும் இயங்குதளமும் பேசிக்கொள்வதற்கான பொது விதிமுறையே ஏசிபிஐ; அதில் உள்ள ஓஎஸ்சி என்ற முறை வழியாக இந்தக் கேள்வியும் பதிலும் நடக்கின்றன. பயாஸ் இசைந்தால், இயங்குதளம் இன்னின்னவற்றைக் கட்டுப்படுத்துகிறது என்று சொல்லும் ஒரு வரி, கர்னல் தன் செய்திகளை எழுதிவைக்கும் கர்னல் பதிவில் இடம்பெறும். அந்தப் பட்டியலில் பிசிஐஇ ஹாட்பிளக் என்ற சொல் இருக்கிறதா என்று டிமெசேஜ் (dmesg) கட்டளையால் பாருங்கள். இல்லையென்றால் பயாஸ் அமைப்பில் ஹாட் பிளக் அணைக்கப்பட்டிருக்கலாம், அல்லது பயாஸ் அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டு பழைய ஏசிபிஐ வழியில் நடத்தலாம். பயாஸ் அமைப்பை மாற்ற எப்படியும் ஒருமுறை சர்வரை நிறுத்தியாக வேண்டும் என்பதால், புதிய சர்வரை நிறுவும் நாளிலேயே இதைச் சரிபார்த்துவிடுவது நல்லது.

இன்னொரு தடை, முகவரி இடம். ஒவ்வொரு கார்டுக்கும் நினைவக முகவரியில் ஒரு பகுதி வேண்டும். அதை அந்தப் போர்ட்டுக்கு ஒதுக்கிய எல்லைக்குள்தான் கர்னல் எடுத்துத் தர முடியும். சர்வர் தொடங்கும்போது காலியாக இருந்த ஸ்லாட்டுக்குச் சிறிய எல்லையே ஒதுக்கப்பட்டிருக்கும். அதில் பின்னர் பெரிய கார்டைச் செருகினால், கார்டு தெரியும், ஆனால் இடமில்லை என்ற பிழை கர்னல் பதிவில் வந்து, டிரைவர் இணையாமல் நின்றுவிடும். பழைய கார்டுக்குப் பதில் அதே மாடல் கார்டை அதே ஸ்லாட்டில் வைத்தால் இந்தச் சிக்கல் பொதுவாக வராது. ஆகவே முதன்முதலாகச் செய்பவர் அதே மாடலை வாங்கி வைப்பதே அறிவுடைமை. காலி ஸ்லாட்டில் வேறு கார்டு சேர்க்கும் தேவை எதிர்பார்க்கப்படும் சர்வர்களில், கூடுதல் இடம் ஒதுக்கச் சொல்லும் ஹெச்பிமெம்சைஸ் (hpmemsize) என்ற கர்னல் அளவுருவைத் தொடக்க வரியில் முன்கூட்டியே சேர்த்துவைக்கலாம்.

விண்டோஸ் கேட்கும், லினக்ஸ் கேட்காது

எல்லாவற்றிலும் அடிப்படையான வேறுபாடு இதுதான், இதைச் சொல்லித் தருவோர் குறைவு. விண்டோஸ் 2000 காலத்திலேயே ஏசிபிஐ வழியான ஹாட் பிளக் வந்துவிட்டது. விண்டோஸ் சர்வர் 2008 முதல் பிசிஐ எக்ஸ்பிரஸின் சொந்த முறையையும் அது நேரடியாக ஏற்கிறது. அங்கே நீங்கள் ஒரு கார்டை வெளியேற்றச் சொன்னால், இயங்குதளம் முதலில் அந்தக் கார்டின் டிரைவரையும் அதைப் பயன்படுத்தும் நிரல்களையும் இதை எடுக்கலாமா என்று கேட்கும். எவரேனும் மறுத்தால், சாதனம் பயன்பாட்டில் உள்ளது என்ற செய்தியோடு வேலை நின்றுவிடும். அந்த மறுப்பை மதித்து, யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தேடி விடுவிக்க வேண்டும்.

லினக்ஸில் அப்படி ஒரு கேள்வி இல்லை. ஸ்லாட்டின் மின்சாரத்தை நிறுத்தச் சொன்னால், கர்னல் டிரைவரைக் கழற்றிவிட்டு மின்சாரத்தை நிறுத்திவிடும். அந்தக் கார்டின் வழியாக ஒரு டிஸ்க் மவுண்ட் ஆகியிருந்தாலும், டேட்டாபேஸ் எழுதிக்கொண்டிருந்தாலும் அது தடுக்காது. கட்டளையிட்டவருக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கையில் அமைந்த முறை இது. ஆகவே லினக்ஸ் சர்வரில் விண்டோஸ் கேட்கும் கேள்விகளை நீங்களே கேட்டு, பதிலைச் சரிபார்த்த பின்னரே தொட வேண்டும். மதகை அடைத்துத் தண்ணீர் வடிந்த பிறகே வாய்க்காலில் இறங்கித் தூர் வாருவதைப் போல, போக்குவரத்தை முழுதாக நிறுத்திய பிறகே மின்சாரத்தை நிறுத்த வேண்டும்.

போக்குவரத்தை அகற்றுதல்

மருத்துவமனை எடுத்துக்காட்டுக்கு வருவோம். இரண்டு நெட்வொர்க் கார்டுகளும் பாண்டிங் முறையில் ஒன்றுக்கு ஒன்று துணையாகக் கட்டப்பட்டிருந்தால் மட்டுமே, ஒன்றை எடுக்கும்போது மற்றது சுமையைத் தாங்கும். பிராக் (/proc) அடைவில் பாண்டிங் நிலையைக் காட்டும் கோப்பைத் திறந்து, இரண்டு கார்டுகளும் இணைப்பில் உள்ளனவா, இப்போது எது செயல்படுகிறது என்று பாருங்கள். பழுதான கார்டே செயல்படும் கார்டாக இருந்தால், முதலில் நல்ல கார்டுக்கு மாற்றிவிட்டு, சில நிமிடங்கள் மருந்தகத்திலும் பதிவு மேசையிலும் வேலை தடையின்றி நடக்கிறதா என்று நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அதன் பிறகு ஐபி லிங்க் கட்டளையால் பழைய கார்டைப் பாண்டிலிருந்து விலக்குங்கள்.

விலக்கும்போது கர்னல் பதிவில் ஓர் எச்சரிக்கை வரக்கூடும். அதை அலட்சியம் செய்யாதீர்கள். பாண்ட் பொதுவாக முதலில் சேர்ந்த கார்டின் நெட்வொர்க் அடையாள எண்ணான மேக் முகவரியைத் தன் முகவரியாக எடுத்துக்கொள்ளும். அந்தக் கார்டை எடுத்த பின்னும் பாண்ட் அதே முகவரியைத் தொடர்ந்து பயன்படுத்தும். எச்சரிக்கை சொல்வது இதைத்தான். கழற்றிய கார்டை, பழுது என்னவென்று பார்க்க, அதே நெட்வொர்க்கில் உள்ள வேறொரு கணினியில் செருகினால் ஒரே முகவரியுடன் இரண்டு இயந்திரங்கள் பேசத் தொடங்கும். அவசர சிகிச்சைப் பிரிவின் திரைகள் காரணம் தெரியாமல் நின்று நின்று ஓடும். பழைய கார்டை உறையில் போட்டு, மேல் ஒரு தாளில் விவரம் எழுதித் தனியே வைப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

ஸ்டோரேஜை இணைக்கும் ஃபைபர் சேனல் கார்டாக இருந்தால், மல்டிபாத் கட்டளை ஒவ்வொரு டிஸ்க்குக்கும் மற்றொரு கார்டு வழியாக உயிருள்ள பாதை ஒன்றேனும் இருப்பதாகக் காட்ட வேண்டும். ஒரு டிஸ்க்குக்கு மட்டும் மாற்றுப் பாதை இல்லையென்றாலும் வேலையை நிறுத்திவிடுங்கள். கார்டின் பகுதிகளை மெய்நிகர் இயந்திரங்களுக்கு நேரடியாகக் கொடுத்திருந்தால், அந்த இயந்திரங்களிலிருந்து அவற்றை முதலில் திரும்பப் பெற வேண்டும். இதை மறப்பவர் பலர்.

எந்த நேரத்தில் செய்வது என்பதும் இந்தப் படியிலேயே முடிவாக வேண்டும். நம் மாவட்டங்களில் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீடிக்கும்; 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது பல ஊர்களில் மின்சாரம் எவ்வளவு நாள் இல்லாமல் போனது என்பதை இங்குள்ளோர் அறிவர். யுபிஎஸ்ஸிலோ ஜெனரேட்டரிலோ சர்வர் ஓடும்போது கார்டு மாற்றத்தைத் தொடங்க வேண்டாம். துணைக் கார்டு ஒன்றையே நம்பியிருக்கும் அந்தச் சில நிமிடங்களில் வேறொரு தடுமாற்றத்துக்கு இடம் தரக் கூடாது.

மின்சாரத்தை நிறுத்துதல், கழற்றுதல்

லினக்ஸில் சிஸ் அடைவுக்குள் பஸ், பிசிஐ, ஸ்லாட்ஸ் என்ற வரிசையில் (/sys/bus/pci/slots) இறங்கினால், ஸ்லாட் எண்களின் பெயரில் அடைவுகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் அட்ரஸ், பவர், அட்டென்ஷன் முதலிய சிறு கோப்புகள் உண்டு. அட்ரஸ் கோப்பில் 0000:41:00 போன்ற ஓர் எண் இருக்கும். நீங்கள் விலக்கிய கார்டின் முகவரியும் அதுவும் ஒன்றுதானா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பிறகு அட்டென்ஷன் கோப்பில் 1 என்று எழுதினால், மஞ்சள் விளக்கு உள்ள சர்வர்களில் அந்த ஸ்லாட்டின் விளக்கு எரியும். ஒருவர் திரை முன்னும் மற்றவர் ரேக்கின் பின்னும் நின்று, எந்த விளக்கு எரிகிறது என்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். தவறான கார்டை, அதாவது சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கும் நல்ல கார்டைப் பிடுங்குவதுதான் இந்த வேலையில் மிகவும் கொடிய பிழை. அதைத் தடுக்க இதைவிட எளிய வழி இல்லை.

அடுத்து பவர் கோப்பில் 0 என்று எழுதுங்கள். பச்சை விளக்கு சிமிட்டும், பிறகு அணையும். பொத்தான் உள்ள சர்வரில் அதை அழுத்தியும் இதையே செய்யலாம். அழுத்தியதும் பச்சை விளக்கு 5 நொடிகள் சிமிட்டும், அதற்குள் மறுபடி அழுத்தினால் கோரிக்கை ரத்தாகும். பச்சை விளக்கு நின்று எரிந்தால் ஸ்லாட்டில் மின்சாரம் இருக்கிறது, கையை வைக்கக் கூடாது. சிமிட்டினால் மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது, காத்திருக்க வேண்டும். அணைந்திருந்தால் மட்டுமே லாட்ச்சைத் திறக்கலாம். கட்டளை முடியாமல் அப்படியே நின்றுவிட்டால் டிரைவர் எதற்காகவோ காத்திருக்கிறது என்று பொருள். பொறுமை இழந்து கார்டை இழுப்பது நிலைமையை மோசமாக்கும். கர்னல் பதிவைப் படித்து, தடையைக் கண்டுபிடிக்க வேண்டும்.

விளக்கு அணையும் முன் இழுத்தால் என்ன நடக்கும் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. டிரைவர் கார்டின் பதிவேடு ஒன்றைப் படிக்க முயலும். அங்கே கார்டு இல்லாததால் எல்லா பிட்டுகளும் 1 ஆக உள்ள ஒரு பொய்யான மதிப்பு திரும்பி வரும். கவனமாக எழுதிய டிரைவர் அதைப் பார்த்ததும் கார்டு போய்விட்டது என்று புரிந்துகொண்டு ஒதுங்கிவிடும். அப்படி எழுதாத டிரைவர் அந்த மதிப்பை உண்மை என்று நம்பிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடும், அல்லது கர்னலையே வீழ்த்தும். என்விஎம்இ டிஸ்க்குகளுக்கான இடங்களில் சர்ப்ரைஸ் வசதி இருந்தால் சொல்லாமல் எடுப்பதையும் வன்பொருள் தாங்கக்கூடும். அப்போதும் எழுதி முடியாத தரவு போனது போனதுதான்.

சுத்தம், செருகல்

மணிக்கட்டில் நிலைமின் பட்டையை அணிந்து, அதன் மறுமுனையைச் சர்வரின் உலோகச் சட்டத்தில் மாட்டிய பிறகே புதிய கார்டை உறையிலிருந்து எடுங்கள். வெளியே எவ்வளவு ஈரக்காற்று அடித்தாலும் ஏசி அறைக்குள் காற்று உலர்ந்திருக்கும் என்பதால், டெல்டாவில் நிலைமின் வராது என்று எண்ண வேண்டாம். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களின் உப்புக்காற்றும், அறுவடைக் காலத்தில் அரிசி ஆலைகளை ஒட்டிய கட்டடங்களில் படியும் நெல் தூசியும் தொடுமுனைகளைக் கெடுக்கின்றன. ஆகவே கார்டு பழுது என்று முடிவு செய்யும் முன், கழற்றிய கார்டின் பொன்முலாம் பூசிய விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மங்கலான படலம் தெரிந்தால் சிக்கல் அங்கேயே இருக்கலாம். நம் கடைகளில் பென்சில் ரப்பரால் தேய்க்கும் பழக்கம் உண்டு. அது மெல்லிய முலாமைத் தேய்த்துவிடும், ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள்ளும் விழும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த, நூல் உதிராத துணியால் ஒரே திசையில் துடைத்து உலரவிடுவதே சரியான முறை.

கார்டின் விளிம்பில் இரு முனைகளில் உள்ள தொடுமுனைகள் மற்றவற்றைவிடச் சற்றுக் குட்டையாக இருப்பதைக் கவனியுங்கள். கார்டு இருக்கிறது என்று ஸ்லாட்டுக்குச் சொல்பவை அவையே. மற்ற எல்லா முனைகளும் பொருந்திய பிறகே அவை தொடும், கழற்றும்போது முதலில் பிரியும். ஒரு பக்கம் மட்டும் அழுந்தி மறுபக்கம் தூக்கியிருந்தால் ஸ்லாட் கார்டை உணராமலே போகலாம். இரு முனைகளிலும் சமமாக அழுத்தி, லாட்ச்சை மூடி, பவர் கோப்பில் 1 என்று எழுதுங்கள், அல்லது பொத்தானை அழுத்துங்கள். பச்சை விளக்கு நின்று எரிந்ததும், கார்டு உள்ளது, லிங்க் வந்தது, டிரைவர் இணைந்தது என்ற வரிகள் கர்னல் பதிவில் வர வேண்டும்.

யூனிக்ஸ் சர்வர்களில் இதே படிகள் வேறு கருவிகளில் நடக்கும். ஐபிஎம் பவர் சர்வர்களின் ஏஐஎக்ஸில் எல்எஸ்ஸ்லாட் கட்டளை ஸ்லாட்டுகளைக் காட்டும், ஸ்மிட் பட்டியல் வழியாக மாற்றத்தை நடத்தி இறுதியில் சிஎஃப்ஜிஎம்ஜிஆர் கட்டளையை ஓட்ட வேண்டும். ஹெச்பி யூஎக்ஸில் ஓஎல்ராட், சோலாரிஸில் சிஎஃப்ஜிஏடிஎம்.

செருகிய பின் பார்க்க வேண்டியவை

எல்எஸ்பிசிஐ விரிவான வெளியீட்டில், கார்டின் லிங்க் வேகமும் அகலமும் எதிர்பார்த்தபடி உள்ளனவா என்று பாருங்கள். தரவு செல்ல எட்டுத் தடங்கள் கொண்ட கார்டு நான்கு தடத்தில் ஓடினால் அது சரியாக அமரவில்லை, அல்லது ஸ்லாட்டில் தூசி உள்ளது என்று ஐயப்பட வேண்டும்.

பெயரும் முகவரியும் அடுத்த சோதனை. ஸ்லாட் எண்ணை வைத்துப் பெயரிடும் முறையில் இருக்கும் லினக்ஸில், அதே ஸ்லாட்டில் வைத்த புதிய கார்டுக்குப் பழைய பெயரே கிடைக்கும். ஆனால் நெட்வொர்க் அமைப்புக் கோப்பில் மேக் முகவரியைக் குறித்து வைத்திருந்தால் புதிய கார்டு அதில் சேராது. சுவிட்ச்சில் போர்ட் பாதுகாப்பு பழைய முகவரிக்குப் பூட்டப்பட்டிருந்தால் அந்தப் போர்ட் மூடிக்கொள்ளும். ஃபைபர் சேனல் கார்டில் உலகளாவிய போர்ட் பெயர் மாறிவிடுவதால், எந்தக் கார்டு எந்த ஸ்டோரேஜைக் காணலாம் என்று வகுக்கும் சுவிட்ச்சின் ஸோனிங்கிலும் ஸ்டோரேஜின் அனுமதிப் பட்டியலிலும் புதிய பெயரைச் சேர்க்கும் வரை ஒரு டிஸ்க்கும் தெரியாது. இந்தப் புதிய எண்கள் கார்டின் ஒட்டுத்தாளிலேயே அச்சிடப்பட்டிருக்கும். செருகும் முன்பே அவற்றைக் கைப்பேசியில் படம் எடுத்துவைத்தால், பின்னர் மறுபடி மூடியைத் திறக்க நேராது.

பாண்டில் புதிய கார்டைச் சேர்த்த பிறகு ஒருமுறை அதற்குச் சுமையை மாற்றி, பிழை எண்ணிக்கைகள் ஏறாமல் இருக்கின்றனவா என்று சில மணி நேரம் கவனியுங்கள். ஓடும்போது கையால் செய்த மாற்றங்கள் அமைப்புக் கோப்புகளிலும் எழுதப்பட்டுள்ளனவா என்று அன்றே சரிபாருங்கள். எழுதாமல் விட்டால் அடுத்த முறை சர்வர் தொடங்கும்போது கார்டு பாண்டுக்கு வெளியே நிற்கும்; அந்த மறுதொடக்கம் பெரும்பாலும் ஒரு மின்வெட்டுக்குப் பிறகான நள்ளிரவில் நிகழும் என்பதால், அடுத்த பராமரிப்பு நாளில் நீங்களே ஒருமுறை மறுதொடக்கம் செய்து, இரண்டு கார்டுகளும் பாண்டில் இருக்கின்றனவா என்று பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள்.